ஆஸ் என்றும் பிகாஸ் என்றும்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுப்பார்கள். வேலைக்கு வராத ஒவ்வொருவருக்கும் துரையிடம் ஆங்கிலத்தில் காரணம் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது என் வேலை. எங்கள் ஊர் மேலகரத்தில் வயலுக்கு ஆள் வராவிட்டால் "முடியலையாம்" என்பார்கள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. இங்கே அந்தச் சொல் செல்லாது.

தென்காசிப் பள்ளியில் காரணம் சொல்ல ஆஸ், சின்ஸ், பிகாஸ் என்று கற்றுக்கொடுத்தார்கள். "எதப் போட்டாலும் மார்க்கு உண்டுலே," என்பார் வாத்தியார். தோட்டத்துக்கு வந்த பிறகுதான், ஆஸ் என்றால் 'வேலை செய்ததால்' என்றும் கொள்ளலாம், 'வேலை செய்கையில்' என்றும் கொள்ளலாம் என்று உறைத்தது. பிகாஸில் அந்த வசதி கிடையாது.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தைய மழைக்காலத்தில் எங்கள் ஊர் மாடசாமிக்குக் காய்ச்சல் கண்டது. நின்றால் கால் நடுங்கியது. சொன்னேன். துரை கேட்கவில்லை, மலைக்கு ஏற்றினார். மத்தியானம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

விசாரிக்க ஒரு வெள்ளைக்கார அதிகாரி வருவதாக இருந்தது. துரை என்னைத் தனியே கூப்பிட்டார். "வேலை செய்தான், செத்தான் என்பதை ஆஸ் போட்டுச் சொல், போதும்," என்றார்.

அதிகாரி பிணத்தருகே நின்று, எப்படிச் செத்தான் என்று என்னைக் கேட்டார். மாடசாமியின் முகம் மூடாமலே கிடந்தது. "பிகாஸ்," என்று தொடங்கி, காய்ச்சலோடு அவனை வேலைக்கு அனுப்பினார்கள், அதனால் செத்தான் என்று முடித்தேன்.

துரை சிரித்தார். "இவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆஸ் என்று சொல்ல வந்தான்."

அதிகாரி தலையாட்டினார். மறுபடி என்னைக் கேட்கவில்லை. அந்த வாரமே எனக்கு வேலை போயிற்று.

ஊருக்கு வந்து மாடசாமி பெண்டாட்டி செல்லம்மாளைப் பார்த்தேன். குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. அவள் வீட்டு ஓடும் நனைந்திருந்தது.

"எதனால செத்தாவ அண்ணாச்சி?"

மறைக்காமல் சொன்னேன்.

"இத அங்கன சொன்னியளா?"

"சொன்னேம்மா. எனக்கு இங்கிலீஷு சரியா வரலன்னுட்டாவ."

அவள் ஓடு ஒழுகிய இடத்தில் ஒரு சட்டியை நகர்த்தி வைத்தாள். பிறகு, "நம்ம பேச்சுலயே சொல்லியிருக்கலாம்லா," என்றாள். சொல்லியிருந்தால் அங்கே யார் கேட்டிருப்பார்கள்? அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

ஊரில் பிழைப்புக் கிடைக்கவில்லை. இப்போது கொழும்பில் ஒரு மளிகைக்கடையில் இருக்கிறேன். தென்காசியில் நான் கொழும்புக்காரன்; கொழும்பில் இந்தியாக்காரன். வருஷத்துக்கு ஒருமுறை கடல் தாண்டுகிறேன். இந்தியக் கரையில் மண்டபத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கிறவனும், இலங்கைக் கரையில் தலைமன்னாரில் திறந்து பார்க்கிறவனும் எங்கே போகிறாய் என்று கேட்கிறார்கள். இரண்டு பேரிடமும் ஊருக்கு என்றுதான் சொல்கிறேன்.