பாதியில் திரும்பியவளுக்குப் பொன்னாடை

டென்மார்க்கில் மலை கிடையாது. நாங்கள் இருக்கும் இக்காஸ்ட் ஊரிலிருந்து கொஞ்சத் தூரத்தில் வானமலை என்று பெயர் வைத்த ஒரு மேடு இருக்கிறது. பிள்ளைத் தள்ளுவண்டியோடு ஏறிப்போய், மேலே ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வரலாம். இந்த நாட்டில் முப்பது வருஷம் தட்டையாகவே நடந்து பழகிய என்னை, ஐம்பதாவது பிறந்தநாள் பரிசு என்று சொல்லி, ஆப்பிரிக்காவின் மிக உயரமான மலைக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்துவிட்டாள் என் மகள். அவள் ஓல்போர்க் நகரத்தில் பொறியியலாளர். ஒரு சங்கிலி வாங்கித் தந்திருந்தால் கழுத்தோடு போயிருக்கும்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே யாராவது சுகமில்லை என்று வேலைக்கு வராமல் நின்றுவிட்டால் முதல் தொலைபேசி எனக்குத்தான் வரும். "வர முடியுமா?" என்று கேட்டு முடிவதற்குள் என் வாய் சம்மதம் சொல்லிவிடும். மனம் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும், முழங்கால் அதற்கும் பிறகு. மறுத்தால் இந்த நாடு என்னைத் திருப்பி அனுப்பிவிடும் என்று வந்த புதிதில் ஒரு பயம் இருந்தது. குடியுரிமை கிடைத்த பிறகும் அது போகவில்லை.

மலைக்குப் பயிற்சி என்று, பாஸ்மதி அரிசி மூட்டையை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு வேலையிடத்துப் படிகளில் ஏறி இறங்கினேன். அங்கிருக்கும் டேனிஷ் மூதாட்டி ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் லிஃப்ட் பழுதோ என்று அக்கறையாக விசாரித்தார்.

மலையில் எங்களுக்கு வழிகாட்டி வந்தவர் "போலே போலே" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அவர்கள் மொழியில் மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். என்னிடம் மெதுவாகப் போ என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். கீழ்க்காடு, புதர்வெளி, பிறகு வெறும் கல்லும் தூசியும் என்று நாட்கள் போயின. மூச்சு வாங்கியது, தலை இடித்தது, சாப்பாடு தொண்டையோடு நின்றது. கடைசி ஏற்றத்தை இருட்டிலேயே தொடங்குவார்கள். முன்னால் போகிறவரின் சப்பாத்துக் குதியைத் தவிர வேறொன்றும் தெரியாது.

ஓர் இடத்தில் கல்லொன்றில் உட்கார்ந்தேன். வழிகாட்டி என் முகத்தில் விளக்கைப் பிடித்துப் பார்த்து, ஆபத்தொன்றும் இல்லை, மெதுவாகப் போனால் சேர்ந்துவிடலாம் என்றார். சேர்ந்திருக்கலாம். நான் நோய் வந்து திரும்பவில்லை, களைத்துத்தான் திரும்பினேன்.

"காணும், இவ்வளவும் போதும்" என்றேன்.

மகள் எப்போதும்போல டேனிஷில்தான் கேட்டாள், நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா என்று.

"ஓம். எனக்குக் காணும். நீ போ."

அவள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். என் தடித்த சிவப்பு ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, அவளுடையதை நான் மாட்டிக்கொண்டேன். துணை வழிகாட்டியோடு கீழே இறங்கும்போது எனக்குத் துக்கமே வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நானே ஒன்றை நிறுத்தியிருந்தேன். கூடாரத்தில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் அதற்கு முன்பு நான் தூங்கியதில்லை.

மகள் உச்சிக்குப் போய்ப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். சிவப்பு ஜாக்கெட், முகத்தை மூடிய சால்வை, கறுப்புக் கண்ணாடி. வீட்டில் என் கணவருக்கு ஜாக்கெட்டை மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. நான் போன் எடுப்பதற்குள் அந்தப் படம் நோர்வே, கனடா எல்லாம் சுற்றி, எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, அது நானில்லை. நான் பாதியில திரும்பிட்டன்" என்றேன்.

மறுமுனையில் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இனி என்னெண்டு மாத்துறது? அவ்வளவு தூரம் போனனீர்தானே, அது போன மாதிரித்தான்" என்றார்.

எங்கள் ஆட்களுக்கு ஒருவரைப் பிடித்துப்போனால் பொன்னாடை போர்த்தாமல் விடமாட்டார்கள். நாங்கள் திரும்பி வந்த அடுத்த ஞாயிறு சங்கத்தின் ஆண்டு விழா. மாண்டவர்களுக்கு அகவணக்கம், பரதநாட்டியம், நீண்ட உரைகள் எல்லாம் முடிந்து, வடையும் ஆறிய பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பின்னால் திரையில் சிவப்பு ஜாக்கெட் நின்றது. பொன்னாடை தோளில் விழுந்ததும் மைக்கை வாங்கினேன்.

"நான் உச்சிக்குப் போகேல்லை. களைச்சுப்போய்ப் பாதியில திரும்பிட்டன். மேல போனது என்ர மகள். அந்தப் படத்தில நிக்கிறதும் அவள்தான்."

அறிவிப்பாளர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "பாருங்கோ! பெருமையைப் பிள்ளைக்கு விட்டுக்குடுக்கிற தாயுள்ளத்தைப் பாருங்கோ!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அதற்கும் தட்டினார்கள். முன்வரிசையில் மகள் தகப்பனின் கையைப் பிடித்து, அம்மா தான் போகவில்லை என்றுதானே சொன்னார், பிறகு ஏன் தட்டுகிறார்கள் என்று டேனிஷில் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவர்கள் எல்லோர்மீதும் கோபம் வந்தது. அந்த மலையில் நான் சம்பாதித்தது "காணும்" என்ற ஒரு சொல்தான். அதையும் தன்னடக்கம் என்று பெயர் வைத்து எடுத்துக்கொண்டார்கள்.

விழா முடிய மகள் ஓல்போர்க்குக்குப் புறப்பட்டாள். நாங்கள் வீட்டுக்கு வந்தோம். சோபாவில் விழுந்த கையோடு தொலைபேசி அடித்தது. வேலையிடத்துப் பொறுப்பாளர், ஒரு டேனிஷ் பெண். நாளைக் காலை ஒருவர் குறைகிறார், வர முடியுமா என்றார். என் வாய் வழக்கம்போலத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"இல்லை. நான் களைத்திருக்கிறேன்" என்று டேனிஷில் சொன்னேன்.

"அப்படியா, சரி. நன்றாக ஓய்வெடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். ஒரு மண்டபமே நம்பாததை அந்தப் பெண் கேட்டவுடன் நம்பிவிட்டார்.

கணவர் பொன்னாடையை மடித்தபடி நின்றார். நான் வேலைக்கு மறுத்து அவர் இதுவரை கேட்டதே இல்லை.

"உண்மையாவே களைச்சுப்போனீரோ?"

"அதைத்தானே மைக்கில சொன்னனான்."

அவர் மடித்த பொன்னாடையை விரித்து என் காலை மூடினார்.

"அது குளிருக்குக் காணாது" என்றேன். "மேல கட்டில்ல கிடக்கிற போர்வையைக் கொண்டுவாங்கோ."

அவர் மாடிப்படியில் ஏறுகிற சத்தம் கேட்டது. அவருக்கும் முழங்கால் வலி, மெதுவாகத்தான் ஏறினார். போர்வை வந்தபோது நான் தூங்கிவிட்டிருந்தேன்.