அழகம்மா பார்த்த ஆட்டம்

இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பத்திநாதனுக்கு வேலை ஆலையில், கொழுந்து அரைக்கும் மெஷினில். ஆனால் அவனை யாரும் ஆலைக்காரன் என்று சொல்வதில்லை. பபூன் என்றுதான் சொல்வார்கள். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் மாரியம்மன் திருவிழாவில் சனத்தைச் சிரிக்க வைக்க அவன்தான் வேண்டும்.

கதை கட்டிச் சிரிக்க வைக்க அவனுக்கு வராது. ஆளைப் பார்த்து அப்படியே செய்வான். காவல்காரக் கிழவரின் இரைப்பு, கணக்கப்பிள்ளையின் திக்குவாய், கழுத்தில் கழலை வந்த பெரியவர் தண்ணீர் குடிக்கிற விதம். அந்தப் பெரியவரே முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்து, ஆட்டம் முடிந்ததும் அவனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அதனால் யாருக்கும் அதில் வருத்தம் இருக்கும் என்று பத்திநாதன் நினைத்ததே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷத் திருவிழாவில், மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடும் கடைசி நாள் மத்தியானம், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் அவன் புதிதாக ஒன்று செய்தான். சீலை கட்டி, கொழுந்துக் கூடையோடு நடந்து வந்தவன் நின்றான். கண் மேலே செருகியது. வாய் ஒரு பக்கம் கோணியது. விழுந்து, சீலை விலக, கால் இரண்டையும் மண்ணில் உதைத்தான். வாயில் அடக்கி வைத்திருந்த சோப்பு நுரையை வெளியே விட்டான்.

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தோட்டத்தில் வலிப்பு வருகிறவள் அழகம்மா ஒருத்திதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் இரண்டு தடவை விழுந்தபோது, ஓடிப்போய்க் கையில் இரும்புச் சாவியைத் திணித்தவனே பத்திநாதன்தான். அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் அவ்வளவு சரியாகச் செய்ய முடிந்தது.

களம் அதிரச் சிரித்தது. அழகம்மாவின் புருஷன் செல்லசாமி தொடையில் தட்டிச் சிரித்தான். அழகம்மா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரித்தாளா என்று பத்திநாதன் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவனிடம் வந்தாள்.

“அண்ணே, ஒன்னு கேக்கணும். அப்பிடித்தான் நான் இருப்பேனா?”

“சும்மா தமாசுக்குச் செஞ்சதும்மா. மனசுல வெச்சுக்காத.”

“கோவமா கேக்கலண்ணே. எனக்கு அது வரும்போது ஒன்னுமே தெரியாது. முழிச்சுப் பாத்தா எல்லாரும் சுத்தி நிப்பாங்க. பதினாலு வயசுலருந்து இப்பிடித்தான். நான் எப்பிடி இருப்பேன்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.” சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “சீலையெல்லாம் அப்பிடித்தான் வெலகிப் போகுமா?”

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவள் கங்காணி முத்துலிங்கத்திடம் போய், மலை உச்சியில் காட்டை ஒட்டிய ஓர நிரை தனக்கு வேண்டும் என்றாள். அட்டைக்கடிக்குப் பயந்து யாரும் கேட்காத தேயிலை வரிசை அது. கங்காணி சந்தோஷமாகக் கொடுத்தார். மற்றப் பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு கொழுந்து எடுக்க, அவள் மட்டும் தனியாக மேலே நின்றாள். விழுந்தாலும் யார் கண்ணிலும் படாத இடம்.

ஆடி மாத மழையில் ஒரு நாள், மத்தியானக் கொழுந்து நிறுக்க அவள் வரவில்லை. தேடுவதற்கு ஆலையிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டார்கள், பத்திநாதனும் ஓடினான். அவள் தண்ணீர் ஓடும் கானுக்குள் குப்புறக் கிடந்தாள். கணுக்கால் அளவு தண்ணீர்தான். மேலே, அவள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு ஒரு தேயிலைச் செடியில் மாட்டிக் கிடந்தது. பத்திநாதன்தான் அவளைப் புரட்டினான். முதலில் அவள் சீலையை இழுத்துச் சரிசெய்தான்.

எட்டாம் நாள் செல்லசாமி, பத்திநாதன் குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து பத்திநாதன் வாசலுக்கு இறங்கி நின்றான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

செல்லசாமி அடிக்கவில்லை. “நானுந்தானே சிரிச்சேன் பத்திநாதா,” என்றான். “நீ விழுந்து ஒதைக்கிறதப் பூரா பாத்தா. நான் சிரிக்கையில திரும்பி என்னயத்தான் பாத்தா. அதுக்கப்புறம் எங்கூட அதப்பத்தி ஒரு வார்த்த பேசல.” அந்த வருஷம் முடியுமுன்னே தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு ராகலைப் பக்கம் போய்விட்டான்.

அடுத்த திருவிழாவுக்கு ஆட்களைச் சேர்க்க முத்துலிங்கம் கங்காணி வந்தார். பத்திநாதன் வரமாட்டேன் என்றான்.

“ஏன்டா, அவ நோவுல செத்தா. நீ என்ன செய்வ?”

“நோவுலதான் செத்தா, கங்காணி. நோவு பதினாலு வயசுலருந்து இருந்துச்சு. அத்தன வருசமும் கூட்டத்தோடதான் நின்னா. மேல தனியா போனது என்னாலதான்.”

“அப்ப, ஓர நெர குடுத்தது நான். என்னாலயும்தானா?”

கங்காணி தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். அந்த வருஷம் வேறு ஒருவன் பபூன் வேஷம் கட்டினான். சனம் கேட்டது என்று அவனும் வலிப்பு ஆட்டத்தைச் செய்தான். மேட்டு லயத்தில் படுத்திருந்த பத்திநாதனுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நாலு வருஷம் கழித்து, ஏசு பிறந்த நத்தார் பண்டிகையில், மாதா கோயில் முற்றத்தில் பிள்ளைகள் விடாமல் நச்சரித்ததால், துரையின் நாய் சோம்பல் முறிப்பதைச் செய்து காட்டினான். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். வீடு திரும்பும்போது அவன் தலை குனிந்தபடி வேகமாக நடந்தான்.

“நாயைத்தானே செஞ்சீங்க,” என்றாள் மனைவி இசபெல். “அதுல என்ன பாவம்?”

“பாவம் இல்ல. அதுங்க சிரிச்ச ஒடனே, அடுத்தது யாரச் செய்யலாம்னு கண்ணு தானா தேடுச்சு இசபெல். கோயில் படியில காலு வெளங்காத கெழவி ஒக்காந்திருந்துச்சு. அதுமேலதான் போய் நின்னுச்சு.”

இசபெல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் கேட்டும் அவன் எதையும் செய்து காட்டவில்லை. அறுபத்து ஐந்தாம் வருஷம் நெஞ்சு நோயோடு வேலையை விடும்வரை, மெஷின் சத்தத்தில் யாரும் பேச முடியாத அந்த ஆலை அறையிலேயே வேலை செய்தான்.