மூன்று நாள் அப்பா

ஜீவனாம்ச வழக்கு நடத்தும் வக்கீலுக்குச் சட்டப் புத்தகத்தைவிட ரத்தக்கொதிப்பு மாத்திரைதான் முக்கியம். திருச்சியில் பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கறுப்புக் கோட்டுக்குள் வேகிறவர்களுக்கும் கோர்ட்டு பெஞ்சில் காத்துக் காத்து இடுப்பு ஒடிந்தவர்களுக்கும் என் கோபம் புரியும்.

என் கட்சிக்காரர் தேன்மொழி. காட்டூரில் வாடகை வீடு, மருந்துக்கடையில் வேலை. பிரிந்துபோன கணவர் கணேசனுக்கு ஸ்ரீரங்கத்தில் செல்போன் கடை. மகள் யாழினி நாலாம் வகுப்பு. அவளுக்காக மாதம் பன்னிரண்டாயிரம் தரச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு இருந்தது. அதைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிக் கணேசன் மனுப் போட்டார்.

மஞ்சள் கவுன்

மகள் வாரத்தில் மூன்று நாள் தன்னிடம்தான் இருக்கிறாள், ஆகையால் தாய்க்கு அவ்வளவு பணம் எதற்கு என்பது மனு. ஆதாரமாக முக்கொம்புப் பூங்காவில் மகளோடு எடுத்த ஆறு போட்டோக்கள், ஆறு வெவ்வேறு வாரங்களில் எடுத்ததாம். எல்லாவற்றிலும் அதே மஞ்சள் கவுன், முழங்காலில் அதே பிளாஸ்திரி.

ஒன்றரை மாதமாகவா காயம் ஆறவில்லை என்று கணேசனிடம், அவருடைய வக்கீலை வைத்துக்கொண்டே கேட்டேன். மனுஷர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"பாப்பா அடிக்கடி கீழ விழுவா மேடம்."

நாளுக்கு நானூறு

கோர்ட்டு எங்களைச் சமரசப் பேச்சுக்கு அனுப்பியது. கணேசன் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தார். பன்னிரண்டாயிரத்தை முப்பதால் வகுத்து நாளுக்கு நானூறு என்றார். யாழினி தன்னிடம் இருக்கும் நாளுக்கெல்லாம் நானூறு நானூறாகக் கழிக்க வேண்டுமாம். லாட்ஜில் ரூம் போட்டவர்கூட இப்படிக் கணக்குப் பார்க்க மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேன்மொழி அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அவ மூணு நாள் இல்லைன்னா எங்க ஹவுஸ் ஓனர் மூணு நாள் வாடகையைக் கழிச்சுக்குவாரா?"

நான் சொன்ன புத்தி

இதில் என் பங்கும் உண்டு. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று சொன்னது நான்தான். வியாழன் சாயங்காலம் முதல் ஞாயிறு சாயங்காலம் வரை யாழினி அப்பாவிடம் இருப்பாள்; பணம் ஆறாயிரமாகக் குறையும். வாடகைக்கே ஏழாயிரம் கட்டுகிறவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்தைப் போட்டாள்.

"பணத்தை எப்படியாவது பார்த்துக்கிறேன் மேடம். அவ அப்பா வேணும்ங்கிறா."

மார்க்கெட்டில் மாம்பழம்

கணேசன் நாலு வியாழக்கிழமை வந்தார். அதற்குள் ஒப்பந்தப்படி பணத்தைக் குறைத்த கோர்ட்டு உத்தரவு அவர் கைக்கு வந்தது. ஐந்தாவது வாரத்திலிருந்து ஆளைக் காணோம். யாழினி யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், மாற்றுத்துணிப் பையோடு வாசல்படியில் ஏழரை மணி வரை உட்கார்ந்திருந்தாளாம். அடுத்த வாரமும் அப்படியே. ஆறாயிரம் மட்டும் தேதி தவறாமல் வந்தது.

ஒரு சனிக்கிழமை காந்தி மார்க்கெட்டில் அவரையே பார்த்தேன், மாம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். உங்கள் மகள் உங்களோடு இருக்க வேண்டிய நாளல்லவா இது என்றேன். கையிலிருந்த தக்காளிப் பையை அவர் தலையில் கவிழ்க்காமல் வந்ததற்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

"அதான் ஆர்டர் வாங்கியாச்சே மேடம், இனிமே எதுக்கு அலையணும்?"

வராததற்குச் சாட்சி

பழைய தொகையைக் கேட்டு இப்போது நாங்கள் மனுப் போட்டிருக்கிறோம். வாடகைக்காகத் தேன்மொழி ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறாள். அப்போது யாழினி பக்கத்து வீட்டில் இருக்கிறாள். வியாழக்கிழமை பை எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டாள். கணேசன் எந்தெந்த நாள் வரவில்லை என்று கோர்ட்டில் நாம்தான் காட்ட வேண்டும் என்று தேன்மொழியிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"வந்தா போட்டோ எடுக்கலாம். வராததை எப்படி மேடம் போட்டோ எடுக்கிறது?"

இந்த வழக்கில் ஒரு வாய்தாவுக்குக்கூடத் தவறாமல் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற மனுஷரை, மகள் இருக்கும் வாசல் வரை வரவைக்க என் சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.