ரெஹானா மருந்தை நிறுத்தவில்லை

கிளினிக்குக்குப் போகும் வழியில், ஹில்கிராஃப்ட் தெரு சிக்னலில் நின்றிருந்தபோது கைபேசி அடித்தது. "ரெஹானா மௌத்தாயிட்டாம்மா" என்று சாவுச் செய்தி சொன்னார் ரெஹானாவின் உம்மா. பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்திருப்பதைக் கவனித்தேன்.

ரெஹானாவுக்கு இருபத்தாறு வயது. ஹூஸ்டனில், எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளுக்கான கிளினிக்கில் ஆலோசகராக இருந்தார். நான் அங்கே மருந்தாளுநர். பிறக்கும்போதே அந்தக் கிருமியோடு பிறந்தவர் அவர். இதை நான் வெளியில் சொல்வதற்காக யாரும் வருந்த வேண்டாம். "நான் போனப்புறம் வெறும் கேன்சர்னு சொல்லி மூடிடாதீங்க அக்கா" என்று மருத்துவமனைப் படுக்கையில் அவரே கேட்டுக்கொண்டார்.

நான் முதலில் பார்த்தபோது அவருக்குப் பதிமூன்று வயது. காயல்பட்டினத்தில் வாப்பா இறந்தபின், இங்கே மளிகைக் கடை வைத்திருந்த மாமா வீட்டுக்கு உம்மாவோடு வந்திருந்தார். இரத்தசோகைக்கு என்று சொல்லித்தான் உம்மா மாத்திரைகளைக் கொடுத்துவந்தார். அவர் கையால் கொடுத்தவரை கிருமி அடங்கியிருந்தது. பதினைந்தாம் வயதில் டாக்டர் உண்மையைச் சொன்னார். ரெஹானா அழவில்லை. "உம்மா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். உம்மா தரையைப் பார்த்தார்.

அதன்பிறகு மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொள்வார். ஸ்கூல் பஸ் வருவதற்குள் துப்பிவிடுவார். இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது. கெஞ்சினோம், பயமுறுத்தினோம். "அதை முழுங்குறப்பல்லாம் நான் யாருன்னு அது ஞாபகப்படுத்துது ஆன்ட்டி. ஒரு நாளாவது நார்மலா இருந்துக்கறேனே" என்றார். அதற்குக் கொடுக்க என் அலமாரியில் ஒன்றும் இல்லை. குழந்தைக்கு ஊட்டிவிடலாம், வளர்ந்தவர்கள் தாங்களே சாப்பிட்டுக்கொள்வார்கள். நடுவில் நிற்கும் இந்த வயதுப் பிள்ளைகளிடம்தான் நாங்கள் தோற்றுப்போகிறோம்.

விட்டு விட்டுச் சாப்பிட்டதில் பழைய மருந்துகளுக்குக் கிருமி பழகிவிட்டது. பதினேழு வயதில் கடுமையான நிமோனியா. ஐ.சி.யூ.விலிருந்து மீண்டு வந்ததும், புது மருந்தை உம்மா கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டார். "இனிமே நானே பாத்துக்கறேன்." சொன்னபடி பார்த்துக்கொண்டார். சில மாதங்களில் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் கிருமி குறைந்தது. ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி மட்டும் திரும்பவில்லை. கிருமி அடங்கினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஏறிவிடும். சிலருக்கு ஏறுவதில்லை. ஒவ்வொரு முறையும் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை ஏறும் பாருங்க" என்று அவர்தான் எங்களைத் தேற்றுவார்.

கல்லூரி முடித்துவிட்டு எங்களிடமே வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் என் கவுண்ட்டருக்கு வந்து, "இனிமே நாம கலீக்ஸ். ஆன்ட்டி கட். அக்காதான்" என்றார். பிள்ளைகளுக்கு அவர் அறிவுரை சொல்லிக் கேட்டதில்லை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, கிளினிக் பார்க்கிங் வரை வந்துவிட்டு அம்மாவின் காரைவிட்டு இறங்க மறுத்தாள். ரெஹானா தன் சாப்பாட்டு டப்பாவோடு போய்ப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வெகுநேரம் கழித்து இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "முடியை என்ன கலர் பண்ணலாம்னு. மருந்து பத்தி மூச்சே விடலை." அந்தப் பெண் மறுபடி மருந்து எடுக்கத் தொடங்கினாள்.

போன வருடம் ரெஹானாவின் கழுத்தில் ஒரு வீக்கம் வந்தது. நிணநீர்ப் புற்றுநோய்; எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை எளிதில் பிடிப்பது. ஏற்கெனவே சோர்ந்திருந்த உடம்பு சிகிச்சையைத் தாங்கவில்லை. "நான் கரெக்டாத்தானே சாப்ட்டேன் அக்கா?" என்று ஒரு மாலையில் கேட்டார். "ஆமாம்மா" என்றேன்.

அவர் இறந்த அன்று மதியம், காரைவிட்டு இறங்க மறுத்த அந்தப் பெண் கிளினிக்குக்கு வந்தாள். ரெஹானா மருந்தை நிறுத்திவிட்டாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றேன். "அப்புறம் ஏன்?" அவர் நிறுத்திவிட்டார் என்று நான் சொல்லியிருந்தால், பயந்தாவது இவள் மருந்தை விடாமல் இருந்திருப்பாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி ஏன் ஏறவில்லை என்று தெரியவில்லை என்றேன். அந்த மாதத்து மருந்தை வாங்காமலே போய்விட்டாள். கூப்பிட்டால் எடுப்பதில்லை.

மறுநாள் பள்ளிவாசலில், உடலைக் குளிப்பாட்டப் பெண்கள் காத்திருந்தார்கள். கேன்சர் என்று மட்டும் சொன்னால் போதும் என்று மாமா சொல்லியிருந்தார். உம்மா வாசலில் நின்றுகொண்டு, "எம் மவளுக்கு எச்.ஐ.வி. இருந்திச்சி. தெரிஞ்சிக்கிட்டு வாரவங்க வாங்க" என்றார். ஒருவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விலகிப் போனார். பிறகு ஓர் அம்மாள் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே சென்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கடைசியாக உம்மா. கதவு மூடிக்கொண்டது.

நான் வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சென்று வாருங்கள், ரெஹானா. உங்கள் பங்குக்கு நீங்கள் எல்லாம் செய்தீர்கள். எங்களால்தான் உங்களைக் காப்பாற்ற முடியவில்லை.