செல்வாம்பாளுக்குப் போட்ட நாற்காலி

எங்கள் ரெட்டியார்பாளையத்துச் செல்வாம்பாளைப் போல நல்லவளும் கிடையாது, அவளைப் போல எரிச்சல் மூட்டுகிறவளும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிற வேலை அவளுக்கு. கடைசிப் பிள்ளை கைகழுவிய பிறகுதான் தன் தட்டை எடுப்பாள். கல்யாண வீட்டிலும் அப்படித்தான், "எல்லாரும் சாப்புடட்டும்" என்று ஓரமாக நிற்பாள். அவளை இழுத்து உட்கார வைப்பதற்குள் நம் பசியே போய்விடும்.

அவள் மகள் சரிதா, தன்னோடு வேலை பார்த்த நெல்சனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னது 2006இல். கிறிஸ்தவப் பையன். அவன் அப்பா அலெக்சாண்டர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊர்ப் பேச்சில் சொல்தா. செல்வாம்பாளின் புருஷன் புருஷோத்தமன் அப்போது சாகக் கிடந்தார். மறுப்புச் சொல்லவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டார். முதலில் குலதெய்வம் கோயிலில் ஒரு தாலி; அப்புறம் சர்ச்சில் எப்படி வேண்டுமானாலும் நடக்கட்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டு வாங்குகிறேன் என்று செல்வாம்பாள் அவர் கையைப் பிடித்துச் சொன்னாள். அவர் போய்ச் சேர்ந்த மறுவருஷம், கல்யாணம் பேச அலெக்சாண்டர் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டார். பன்னிரண்டரை மணிக்கு. சரிதா காலையிலேயே போய்விட்டாள்.

ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து நான் எட்டிப் பார்த்தால் மகராசி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னா செல்வா, இன்னும் கெளம்பலியா?"

"பொண்ணப் பெத்தவ மொதப் பந்திக்கே போய் நின்னா, சோத்துக்குப் பறந்துகினு வந்துட்டாளேன்னு நெனப்பாங்கக்கா. அவங்க வீட்டாளுங்க சாப்ட்டு எழுந்திரிக்கட்டும்."

நம் பக்கத்தில் அது மரியாதைதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வீட்டில் பந்தியே கிடையாதாம். ஒரே நீள மேசை. தட்டுக்குத் தட்டு பெயர் எழுதிய அட்டை. இன்னார் இன்ன இடம் என்று முன்பே முடிவு. எல்லாரும் வந்து சேராமல் வீட்டுக்காரர் கரண்டியைத் தொடமாட்டார். அவர் தொடாமல் வேறு யாரும் தொடமாட்டார்கள். இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு மணிக்கு அவள் உள்ளே நுழைந்ததும் மேசையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பெண்பிள்ளை வந்தால் எழுவது அவர்கள் வழக்கம். இவள் பந்தி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் சாப்ட்டாச்சுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள், பாவி.

அப்புறம்தான் தட்டுகளைப் பார்த்தாள். எல்லாம் துடைத்து வைத்தபடி இருந்தன. அலெக்சாண்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலி. அவர் சர்க்கரை வியாதிக்காரர், சாப்பாட்டு வேளைக்குச் சரியாக ஊசி போட்டுவிட்டு, சாப்பிடாமல் இவளுக்காகக் காத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி ஜோவிதா சர்க்கரைத் தண்ணீர் தம்ளரை அவர் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள்.

புரிந்ததும் உட்கார்ந்து தொலைக்க வேண்டியதுதானே? வெட்கத்தில் நேரே அடுப்படிக்குப் போய் சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நீங்கல்லாம் உக்காருங்க. நான் பரிமாறிட்டு அப்புறமா சாப்ட்டுக்கறேன்."

அவள் உட்காராமல் அவர்கள் எப்படி உட்காருவார்கள்?

"உக்காரும்மா," என்றாள் சரிதா, தட்டைப் பார்த்தபடியே. "நீ உக்காந்தாத்தான் மாமா சாப்புட முடியும்."

உட்கார்ந்தாள். சூப் ஆறிப் போயிருந்தது.

நாலு வாய் சாப்பிட்டுத் தெம்பு வந்ததும் அலெக்சாண்டரே பேச்செடுத்தார். மனுஷர் முகத்தில் துளிக் கோபம் இல்லையாம்.

"சம்பந்தியம்மா, ஒங்க பக்கத்துல என்னா செய்யணும்னு சொல்லுங்க. தயங்காதீங்க."

அவர் நெற்றி வேர்வை இன்னும் காயவில்லை. செல்வாம்பாள் அதையே பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க. ஒங்க இஷ்டப்படி நடத்துங்க."

சரிதா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

வாசல்வரை வந்து வழியனுப்பிய ஜோவிதா கள்ளமில்லாமல் சொன்னாள்: "கோயில்ல ஒரு தாலி கட்டணும்னு கேப்பீங்கன்னு நெனச்சோம். இவரு பங்குச் சாமியாருகிட்டகூடப் பேசி வச்சிருந்தாரு. ஒங்களுக்கு வேணாம்னா எங்களுக்கும் ஒரு அலைச்சல் மிச்சம்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஆட்டோவில் மகள் அழுதாள். "அப்பாவுக்காகக் கேக்கறேன்னியேம்மா. ஏன் கேக்கல?"

"அத்தினி பேரப் பட்டினி போட்டுட்டு எந்த மூஞ்ச வச்சிகினு கேப்பேன்?"

கல்யாணம் சர்ச்சில் மட்டும் நடந்தது. அன்று காலையில் அவளைக் கூட்டிப்போக நான் போனபோது, புருஷோத்தமன் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நேராக வைக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"வேணாங்க்கா," என்றாள். "நான் பொடவ கட்டிகினு சர்ச்சுக்குக் கெளம்பறத அவரு பாக்க வேணாம்."