உறை பிரிக்காத மாஸ்க்

இன்று காலை கொட்டகலையில் பஸ் ஏறியதும் ஓர் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மிஸ், எங்க தோட்டத்துல தேயிலைக்கு மருந்தடிக்கிறவங்களுக்கு மாஸ்க் குடுத்து கிளாஸ் எடுத்தது நீங்கதானுங்களே?"

கணவரின் பெயரைச் சொன்னதும் அவரை எனக்கு ஞாபகம் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்.

"எப்படி இருக்காரு அக்கா?"

"ஆஸ்பத்திரியில இருக்காருங்க. மூச்சு விட முடியல. இனிமே மருந்தடிக்கவே போகக் கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு."

பையிலிருந்து அந்த மாஸ்க்கை எடுத்து என் மடியில் வைத்தார். பொலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"போடவே இல்லையா?"

"மனேஜர் தொரை மலைக்கு வர்ற அன்னிக்குப் போடணும்னு பெட்டியில வச்சிருந்தாரு. தொரை எங்க மலைப் பக்கம் வரவே இல்ல. தினமும் போட்டா பழசாயிரும்ல? இது ஒண்ணுதான், பத்திரமா வச்சிக்கங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாம். வேற யாருக்காச்சும் குடுங்க மிஸ், புதுசாத்தான் இருக்கு."

ஆமாம், சொன்னேன். இரண்டு மணிநேரம் மருந்தின் ஆபத்தை விளக்கிவிட்டு, கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் அவர் அப்படியே கடைப்பிடித்திருக்கிறார்.

ஹட்டனில் அக்கா இறங்கிப் போனார். மாஸ்க் இப்போது என் மேசையில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் மருந்தடிக்கப் போகிறவர் இருந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள். மாஸ்க் புதிதாக இருந்தால், கீழே கொமெண்டில் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போங்கள்.