சனிக்கு வளையல்

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர் என்னை மடக்கினார். பட்டுச்சேலை வியாபாரி. மகள் பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

"நீங்க சொன்னா கேப்பா டீச்சர். செத்துப்போன ராஜாங்களைப் படிச்சி இன்னா பண்ணப்போறா? அது சோறு போடுமா?"

சொல்கிறேன் என்றேன். மகளுக்கு அல்ல... அவருக்கே சொன்னேன், குப்பம்மாவைப் பற்றி.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு, இதே ஆரணியில், பெண்களுக்கு முதியோர் கல்வி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஒரு மணி நேரம். பதினெட்டுப் பேர், பெரும்பாலும் தறி வீட்டுப் பெண்கள். அதில் குப்பம்மா தார் சுற்றுகிறவர். நெசவுக்கு வேண்டிய பட்டு நூலை ராட்டையில் சுற்றிச் சுற்றிக் குழலில் ஏற்ற வேண்டும். விடிந்ததிலிருந்து அதே வேலைதான்.

ஒருநாள் 'ச' எழுத்து. 'சனி' என்று எழுதிப் போட்டேன்.

"சனி வானத்துல நெஜமாவே கீறாரா டீச்சர்?" என்றார் குப்பம்மா.

இருக்கிறது, அதைச் சுற்றி வளையம்கூட இருக்கிறது என்று போர்டில் வரைந்து காட்டினேன். அவர் காதில் அது வளையல் என்று விழுந்துவிட்டது!

"ஆம்பள... வளையல் போட்டுகினு கீறாரா?"

வகுப்பே உருண்டு சிரித்தது. எத்தனை முறை திருத்தினாலும் வளையல் வளையலாகவே நின்றுவிட்டது.

அப்புறம் ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். அவர் கொண்டுவந்த படிவத்தில் ஒரு கட்டம் — 'கற்றதால் அடைந்த பயன்'. பயன் தேறாத வகுப்பை மூடிவிடுவார்கள் என்று முன்பே காதில் விழுந்திருந்தது. ஆளுக்கொரு பதில் தயார்செய்து கொடுத்தேன். ரேஷன் கார்டு படிக்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன்... குப்பம்மாவுக்கு, பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் படித்துக் களம்பூர் பஸ் ஏறுகிறேன்.

எல்லோரும் ஒழுங்காக ஒப்பித்தார்கள். குப்பம்மா எழுந்தார்.

"சனிக்கு வளையல் கீதுங்க சார்."

அதிகாரி என்னை முறைத்தார். குப்பம்மா அசரவில்லை. நேராகப் போர்டுக்குப் போனார். ஓர் உருண்டை, சுற்றி ஒரு வளையம், கீழே 'சனி'. பிழையே இல்லை.

"சரிம்மா, இதனால உனக்கு என்ன பயன்?"

"ஒண்ணும் இல்லீங்க."

போச்சு! வகுப்பை மூடியாச்சு என்றே நினைத்தேன்.

"காலையில எழுந்ததுலேர்ந்து படுக்குற வரிக்கும் நான் செய்யறதெல்லாம் பயனுக்குத்தாங்க சார். சோறு வடிக்கிறது, தண்ணி இழுக்கிறது, தார் சுத்துறது... கை சுத்திகினே கீது, மண்டை சும்மாதானே கீது? இப்போ அந்த வளையலை நெனச்சிகினு சுத்துறேன். இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டுமே."

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பாடம் எடுத்த நானே அந்தக் கட்டத்துக்குப் பயந்துதானே பதில் எழுதிக் கொடுத்தேன்?

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். என்னதான் எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். 'உண்டு' — ஒரே வார்த்தை. வகுப்பு பிழைத்தது.

என்னிடம் படித்துப் பாங்க் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், டீச்சர் ஆனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது... புடவைக்கு ஏது காலர், இருந்தாலும்... குப்பம்மாவை நினைத்துத்தான்.

வியாபாரி தலையைச் சொறிந்தார். நேற்று அவர் மகள் வந்தாள். அப்ளிகேஷனில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

அந்த அதிகாரியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஜீப் ஏறப் போனவர் திரும்பி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "டீச்சர், நிஜமாவே அதுக்கு வளையம் இருக்கா?" என்றார்.

தெரிந்துகொண்டு உங்களுக்கு என்ன சார் பயன் என்று நான் கேட்கவில்லை!